ஞாயிறு லெக்சரா, மறைக்கல்வி வகுப்பா?

தாண்டவன்வெளி மகள்:
எல்லாருக்கும் வணக்கம். திங்கள் தொடக்கம் வெள்ளி வரைக்கும் மட்டக்களப்பு டவுணில ஒரு தனியார் நிறுவனத்தில கணக்குப் பிரிவில வேலை செய்றன். இப்ப கோவில்குளம் ஏ.டி.ஐ.யில (உயர் தொழில்நுட்ப நிறுவனம்) பார்ட் டைம் எச்.என்.டி.ஏ. (கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா) கிடைச்சிருக்கு. லெக்சர் சனியும் ஞாயிறும். ஞாயிறு காலமைதான் நான் கோயில்ல முதல்நன்மைப் பிள்ளைகளுக்கு, அதாவது முதல் தடவை நற்கருணை வாங்கப்போற பிள்ளைகளுக்கு, மறைக்கல்வி எடுக்கிறது. கொயரும் (பாடகர் குழு) இருக்கு, இளைஞர் ஒன்றியச் செயலாளரும் நான்தான். படிப்பை விடு எண்டு வீட்டில சொல்லல்ல, கோயில் பங்கு வேலையை விடு எண்டும் ஒருத்தரும் சொல்லல்ல. ஆனா ரெண்டும் ஒரே நேரத்தில வருது. என்ன செய்யலாம்?

கல்லடிக்காரன்:
யோசிக்க ஒண்டுமில்ல தங்கச்சி, படிங்க. ஞாயிறு கடமைக்கு சனி பின்னேரப் பூசையே போதும், கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1248 அதைத் தெளிவாச் சொல்லுது. கடமை எண்டது பூசை. கொயரும் ஒன்றியமும் நாம விரும்பிச் செய்ற சேவை. எங்கட பங்குகள்ல ஒரு பிள்ளை கெட்டிக்காரி எண்டு கண்டா எல்லாத்தையும் அவள்ட தலையிலதான் கட்டுவாங்க. கொடியேத்தம் முடிஞ்சா நவநாள் ஒழுங்கு, மார்கழியில கரோல், அன்பியத்தில (அயல் வீட்டுக்காரர் கூடுற ஜெபக் குழு) வாசகம் வாசிக்க ஆள், எல்லாத்துக்கும் அவளேதான். களைச்சு விழுந்தா பாக்க ஒரு குழுவும் வராது.

சீலாமுனை அக்கா:
கடைசி வசனத்தை நான் ஏற்கமாட்டன் தம்பி. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அண்டைக்கு சீயோன் தேவாலயத்தில குண்டு வெடிச்சு, ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகளும் செத்தாங்க. அதுக்குப் பிறகு அந்த வீடுகளுக்குப் போய்க் கூட இருந்து அழுதது ஆர்? சபைச் சனம்தானே. அந்த உறவு ஒரு நாளில வந்ததில்ல. கிழமைக்குக் கிழமை ஒண்டா இருந்துதான் அது வளரும்.

மறைக்கல்விப் புத்தகத்தை ஆரும் வாசிச்சுக் காட்டலாம். ஆனா விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் போஞ்சு பிலாத்து எண்ட பேரில வந்து முழிக்கிற ஒரு பொடியன் எல்லா வகுப்பிலயும் இருப்பான். டீச்சர் வாயை மெதுவா அசைச்சு எடுத்துக் குடுத்தாத்தான் மிச்சத்தைச் சொல்லுவான். வருச நடுவில டீச்சர் மாறினா அவன் வகுப்புக்கே வராம விடுவான். நான் கண்டிருக்கன்.

மெதடிஸ்த பொடியன்:
அக்கா, நான் உங்கட சபை இல்ல, ஆனாலும் ஒண்டு சொல்றன். 1814இல மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து ஊழியத்தோட பள்ளிக்கூடமும்தான் தொடங்கினார். அடுத்த வருசமே அவர் இறந்துபோனார். அவர் தொடங்கினது இண்டைக்கும் மெதடிஸ்த மத்திய கல்லூரியா நிக்குது. ஒரு டீச்சர் விலகினா வகுப்பே நிண்டுபோகும் எண்டா, பிழை அந்த டீச்சர்ல இல்ல, ரெண்டாவது ஆளைப் பழக்காத பங்கிலதான். பவுலும் கொரிந்துவில கூடாரம் தைச்சுக்கொண்டுதான் ஊழியம் செய்தார், பைபிள்ல அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரத்தில இருக்கு.

சீலாமுனை அக்கா:
பவுல் ஓய்வுநாளில ஜெப ஆலயத்துக்குப் போனதும் அதே அதிகாரத்தில இருக்கு தம்பி. படிப்பு வேணாம் எண்டு நான் சொல்லல்ல. ஏ.எல். ரியூசன், லெக்சர், கடைச் சிப்ட் எண்டு எல்லாம் ஞாயிறிலயே வந்து விழுது. ஒவ்வொரு முறையும் விட்டுக்குடுக்கிறது கோயில் பக்கம்தானா எண்டு கேக்கிறன்.

அக்கரைப்பற்றுத் தம்பி:
கடையில நிக்கிறவனாச் சொல்றன். 1954ஆம் ஆண்டு கடை, அலுவலகச் சட்டப்படி கிழமைக்கு ஒண்டரை நாள் லீவு இருக்கு. அது ஞாயிறாத்தான் இருக்கணும் எண்டு இல்ல. எனக்கு செவ்வாய்க்கிழமை. செவ்வாயில எந்தப் பங்கில இளைஞர் கூட்டம் வைக்கிறாங்க? ஞாயிறு வராதவன் விசுவாசம் குறைஞ்சவன் எண்டு பாக்கிற பார்வை சரியா வலிக்குது.

சீலாமுனை அக்கா:
அது நியாயமான வலி தம்பி. அப்பிடிப் பாக்கிறது பிழைதான்.

தாண்டவன்வெளி மகள்:
எல்லாற்ற கதையையும் வாசிச்சுப்போட்டு ஃபாதரோட கதைச்சன். கொயரும் செயலாளர் வேலையும் விடுறன். முதல்நன்மை வகுப்பை மட்டும் சனி பின்னேரப் பூசைக்கு முந்தி எடுக்கலாமா எண்டு கேட்டன். தாய் தகப்பன்மார் ஓம் எண்டா சரி எண்டார். லெக்சர் முடிஞ்சு கல்முனை பஸ்ஸைப் பிடிச்சா வந்திடலாம். ஆனா நாலு பிள்ளைகளுக்கு அந்த நேரம் ரியூசன்.

சீலாமுனை அக்கா:
அந்த நாலு வீட்டுக்கும் நேரில போங்க மகள், போன்ல கேக்காதீங்க. இன்னொரு டீச்சரையும் கூட்டிக்கொண்டு போங்க. சோதனை மாசத்தில அவ எடுக்கட்டும்.

கல்லடிக்காரன்:
வகுப்பையும் விடுறதுதான் நல்லம் எண்டு இன்னும் சொல்றன், முதல் சோதனை வரக்குள்ள விளங்கும். எப்பிடியோ, செயலாளர் பதவியை கடிதம் எழுதிக் குடுங்க. வாயால சொன்னா திருநாளுக்குத் திரும்பக் கூப்பிடுவாங்க.