ராலிஸ் லைவ் டேப் எல்லாம் ஏன் இப்படி இரையுது?

கேள்வி: மக்களே, லே ராலிஸ் தெனுதேன்ற ஜப்பான் ராக் பேண்டோட லைவ்னு ஒரு ஃப்ரெண்டு இருபது ஃபைல் குடுத்தான், எல்லாத்துலயும் ஒரே கொர்ர்ர், பாட்டு வரியே கேக்கல, ஒழுங்கான ஆல்பம் எதாவது இருக்கா?

பதில் 1: 1967ல கியோட்டோல ஆரம்பிச்ச பேண்டு, ஆனா பாடகரும் கிதாரிஸ்டுமான மிசுதானி உயிரோட இருந்தவரைக்கும் அவங்க பேர்ல அஃபீஷியலா வந்த சிடி மூணே மூணு தான், அதுவும் 1991ல. மத்ததெல்லாம் அனுமதியில்லாம வந்த பூட்லெக், பாஸ்.

பதில் 2: பாதி இரைச்சல் கிதாரோடது, மீதி காப்பிக்கு மேல காப்பி எடுத்த கேசட்டோடது😄 2022ல அந்த மூணுல ஒண்ணான '77 லைவ் ஆல்பம் மறுபடி வந்துச்சு, பழைய மெம்பர் மகோதோ குபோதா மாஸ்டரிங், அத கேளு, பேஸ் கிதார் தனியா தெரியும்.

கேள்வி கேட்டவர்: கேட்டேன், செம. பக்கத்து வீட்ல கிரைண்டர் ஓடுதுன்னு அம்மா போய் ஜன்னல சாத்திட்டாங்க.