இன்னும் விடாத ஒரு காட்சி: வடசென்னைக் கொட்டகைகளில் பார்த்த பழைய மர்மப் படங்கள், பேய்ப் படங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒருவர்:

பழைய மர்மப் படங்களிலும் பேய்ப் படங்களிலும் மனதை விட்டுப் போகாத ஒரு காட்சியைச் சொல்லச் சொன்னீர்கள். எஸ். பாலசந்தர் இயக்கிய மர்மப் படமான ‘அந்த நாள்’ இங்கே பலருக்கும் தெரிந்ததுதான் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். 1980களின் தொடக்கத்தில், பழைய படங்களைக் காலைக் காட்சியாகப் போட்டுக்கொண்டிருந்த எங்கள் பகுதிக் கொட்டகை ஒன்றில், கல்லூரி முதலாண்டு மாணவனாக நான் தனியே போய் உட்கார்ந்தேன். துப்பாக்கி வெடிக்கிறது, ராஜனாக வரும் சிவாஜி கணேசன் சாய்கிறார், பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை பதறிக்கொண்டு ஓடுகிறார். அந்த நேரத்தில் எனக்கு அடுத்த இருக்கையில் தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்த முதியவர் என் பக்கம் சாய்ந்து, சுட்டவர் யார் என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிட்டார். நான் கேட்கவில்லை; அவர் முகத்தில் குறும்பும் இல்லை. தெரிந்துகொண்டு பார் என்பதுபோல் சொன்னார்.

அதற்குப் பிறகு படம் முழுவதும் நான் அந்த ஒரு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் வாக்குமூலம் கொடுக்கும்போதுகூட, ஓரத்தில் அந்த முகம் தெரிந்தால் என் கண் அங்கேதான் போனது. ஒரு குற்றத்தை மனதில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் நடுவில் நிற்பது எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன். இன்றும் என்னை விடாதது வேறொன்று: படம் முடிய இன்னும் சிறிது நேரம் இருக்கும்போதே அந்தப் பெரியவர் எழுந்து வெளியே போய்விட்டார். முடிவு தெரிந்தவர் முடிவுக்காக ஏன் காத்திருக்கவில்லை என்று நாற்பது ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ராயபுரத்திலிருந்து ஒருவர்:

பெரியவர் செய்தது தவறு என்றே நான் சொல்வேன். எழுபது ஆண்டுகள் கடந்த படமாக இருந்தாலும், முதல் முறை பார்ப்பவருக்கு அது இன்று வெளியான படம்தான்.

என் அனுபவமும் அதே படத்தோடு சேர்ந்தது. என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை பார்த்தவர். சினிமா பார்க்கும் வழக்கமே இல்லாதவர். ஒரு நாள் தொலைக்காட்சியில் ‘அந்த நாள்’ போட்டார்கள். கதை நடக்கும் நாள் 1943 அக்டோபர் 11 என்பதும், ஜப்பான் விமானம் சென்னைமேல் குண்டு போட்ட காலம் அது என்பதும் உங்களுக்குத் தெரியும். குண்டுவீச்சைப் பற்றிய பேச்சு வந்ததும் தாத்தா எழுந்தார். கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார், குழல்விளக்கை அணைத்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. போர்க்காலத்தில் வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று கட்டளை இருந்ததைப் பிறகு பாட்டிதான் எங்களுக்கு விளக்கினார். 1942-இல் ஊரே காலி செய்துகொண்டு போனபோதும் தாத்தா மட்டும் வேலைக்காக இங்கேயே தங்கியிருந்தாராம். படத்தை எடுத்தவர்களுக்கு அது ஒரு பின்னணி. எங்கள் தெருவில் அது கைகால்களில் தங்கிவிட்ட பழக்கமாக இருந்தது. மீதிப் படத்தை நாங்கள் இருட்டில் உட்கார்ந்துதான் பார்த்தோம்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர்:

இந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே, அது அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ படத்தின் நகல் என்று ஒருவர் சொல்லிவிடுகிறார். யாரும் சொல்வதற்கு முன் நானே மறுத்துவிடுகிறேன். ஒரு நண்பரின் வீட்டில் முதல் நாள் இரவு ‘ரஷோமோன்’ வீடியோ நாடாவையும், மறுநாள் காலை ‘அந்த நாள்’ படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். பார்த்து முடித்ததும் நண்பர், “ரெண்டும் ஒண்ணுதானே” என்றார். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருப்பதால் இப்போது சொல்கிறேன்.

1950-இல் வந்த ஜப்பானியப் படத்தில், நடந்த ஒரே நிகழ்ச்சியை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். எது உண்மை என்பதே கடைசிவரை உறுதியாவதில்லை. எஸ். பாலசந்தர் 1954-இல் எடுத்த படத்தில் ஒவ்வொருவரும் இன்னொருவர்மேல் சந்தேகத்தைத் தள்ளுகிறார்கள். சின்னையா பிள்ளை ராஜனின் தம்பி பட்டாபியைக் காட்டுகிறார். பட்டாபி தன் மனைவியையே காட்டுகிறான். இங்கே உண்மை ஒன்று உண்டு, அதைக் கண்டுபிடித்தும் விடுகிறார்கள். வடிவத்தை அங்கிருந்து எடுத்திருக்கலாம். ஆனால் பழி ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போய்க்கொண்டே இருக்கும் அந்த வீட்டுக் கதை, கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த யாருக்கும் ஜப்பானிலிருந்து வந்ததாகத் தோன்றாது. கதை வசனம் எழுதிய ஜாவர் சீதாராமன்தான் சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தமாகவும் நடித்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: முடிச்சைப் போட்டவரே வந்து அவிழ்க்கிறார். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. 1954-இல் ஏவி.எம். போன்ற பெரிய நிறுவனம் அதற்குச் சம்மதித்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி:

நீங்கள் எல்லோரும் உயர்ந்த படங்களைப் பற்றி எழுதுகிறீர்கள். எனக்குள் தங்கிவிட்டது தெலுங்கு இயக்குநர் விட்டலாச்சார்யாவின் பேய்ப் படம் ‘ஜகன்மோகினி’. அந்த ஒரு காட்சியைச் சொன்னால் போதும், எல்லோருக்கும் புரிந்துவிடும்: விறகு இல்லாமல் அந்தப் பேய் தன் காலையே அடுப்புக்குள் நீட்டிச் சமைக்குமே, அதுதான்.

அத்தையும் அக்காவும் என்னை அழைத்துக்கொண்டு போனபோது எனக்கு ஏழு வயது இருக்கும். கொட்டகையில் பெண்கள் பகுதியில் ஒரே கூச்சல். சிலர் சிரித்தார்கள், சிலர் சேலைத் தலைப்பால் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் கண்ணை மூடவில்லை. மறுநாள் விடியற்காலையில் எங்கள் வீட்டு விறகடுப்பின் முன் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அம்மாவின் கால்கள் எனக்குத் தெரியவில்லை. சுவரை ஒட்டி மெதுவாக நகர்ந்து, இரண்டு பாதங்களையும் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அம்மா திரும்பிப் பார்த்து, “இன்னாடி பாக்குற?” என்றார். ஒன்றுமில்லை என்றேன். அம்மா இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்த விஷயத்தை அவரிடம் கடைசிவரை சொல்லவே இல்லை. எரிவாயு அடுப்பு வந்த பிறகும், வேறு யார் வீட்டிலாவது விறகடுப்பைப் பார்த்தால் என் கண் முதலில் சமைப்பவரின் காலைத்தான் தேடும்.

கணினி வரைகலை இல்லாத 1978-இல், கேமராவையும் ஒட்டுவேலையையும் நம்பி எடுத்த காட்சி அது. விட்டலாச்சார்யாவை ‘ஜானபத பிரம்மா’, அதாவது நாட்டுப்புறக் கதைப் படங்களின் பிரம்மா, என்று தெலுங்கில் கொண்டாடியதில் எனக்கு எந்த வியப்பும் இல்லை.

தங்கசாலையிலிருந்து ஒருவர்:

என் அனுபவம் சிறியது. 1966-இல் வந்த ‘யார் நீ’ படத்தை மறுவெளியீட்டில், ஓர் அடைமழை நாளில், இரவு ஆட்டமாகப் பார்த்தேன். மழையில் வெள்ளைச் சேலையோடு நிற்கும் பெண்ணை ஜெய்சங்கர் காரில் ஏற்றிக்கொள்ளும் காட்சியின்போது, வெளியே பெய்த மழைச் சத்தமும் படத்து மழைச் சத்தமும் ஒன்றாகிவிட்டன. அன்று தங்கசாலைத் தெருவில் முழங்கால் தண்ணீரில் வீட்டுக்கு நடந்தபோது நான் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இனி, புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்குச் சில வார்த்தைகள். யாரும் கேட்கவில்லை என்பது தெரியும். ஆனாலும் இளைஞர்கள் தவறான வரிசையில் பார்த்துவிட்டுப் பழைய படம் மெதுவாகப் போகிறது என்று சொல்வது எனக்கு மனவருத்தம் தருகிறது. முதலில் 1964-இல் வந்த ‘பொம்மை’ படத்தைப் பாருங்கள். வெடிகுண்டு வைத்த பொம்மை ஒன்று கைமாறிக் கைமாறிப் போகிறது என்பதைத் தவிர வேறு எதையும் படித்துவிட்டு உட்காராதீர்கள். ஜேசுதாஸின் குரல் தமிழ்ப் படத்தில் முதலில் ஒலித்தது ‘நீயும் பொம்மை நானும் பொம்மை’ பாட்டில்தான் என்பதால் அந்த இடத்தில் ஓட்டிவிடாதீர்கள். படம் முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்தும் விடாதீர்கள். இயக்குநர் எஸ். பாலசந்தரே திரையில் வந்து படத்தில் உழைத்தவர்களை அறிமுகப்படுத்துவார். வீணையில் அவ்வளவு பெரிய வித்வான், பக்கத்தில் நிற்கும் தொழிலாளியைப் பெயர் சொல்லிக் காட்டுவதைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவதாக ‘அந்த நாள்’, மூன்றாவதாக 1970-இல் வந்த ‘நடு இரவில்’. இந்த மூன்றும் ஒரே மனிதரின் மூளை எப்படி வேலை செய்தது என்பதைக் காட்டும். அதன்பிறகு வண்ணத்துக்கு வாருங்கள்: ஏ.சி. திருலோகசந்தர் இயக்கிய ‘அதே கண்கள்’, 1967. அதில் கொலைகாரனின் கண்களை மட்டும் காட்டுவார்கள். கைப்பேசித் திரையில் பார்த்தால் அந்தக் கண்களுக்கு வலிமையே இருக்காது. பெரிய திரை இல்லையென்றால் அறையை இருட்டாக்கிக்கொண்டு தொலைக்காட்சியிலாவது பாருங்கள். பாடல்களை வெட்டிய பிரதிகளைத் தவிர்த்துவிடுங்கள். ‘நானே வருவேன்’ பாட்டை வெட்டிவிட்டால் ‘யார் நீ’ படத்தில் பேயே இல்லை, பி. சுசீலாவின் குரல்தான் அங்கே பேய். அந்த மெட்டு மதன்மோகனின் இந்திப் பாட்டிலிருந்து வந்தது, படமே ‘வோ கௌன் தீ’ படத்தின் தழுவல் என்பதை அறிந்து ஏமாற்றம் அடைய வேண்டாம். இசையமைப்பாளர் வேதா அதைத் தமிழ்க் காதுக்குத் தக்கவாறு பொருத்தியிருக்கிறார். மேற்கத்தியக் குதிரைவீரர் படங்கள் வேண்டுமென்றால் ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கிய ‘காலம் வெல்லும்’, ‘கங்கா’ என்று தொடங்குங்கள். கதையை விடுங்கள், குதிரைகள் ஓடும்போது கேமரா எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வேற்றுக்கிரகத்தார் பறக்கும் தட்டில் வந்து பானுமதியைத் தூக்கிச் செல்லும் ‘கலை அரசி’ 1963-லேயே வந்துவிட்டது. ககாரின் விண்வெளிக்குப் போய் இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த நாட்களின் ஆச்சரியத்தோடு அதைப் பார்க்க வேண்டும்.

கொருக்குப்பேட்டைச் சகோதரிக்கு ஒன்று: ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு இத்தகைய படங்களைக் காட்டக்கூடாது என்பது என் கருத்து. பத்து வயதுக்கு மேல், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது, பகலில் காட்டலாம்.

கொருக்குப்பேட்டையிலிருந்து மீண்டும் அதே சகோதரி:

ஐயா, உங்கள் வரிசைக்கு நன்றி. ஆனால் அந்தப் பயம் எனக்கு வேண்டும். அம்மாவின் பாதங்கள் எப்படி இருந்தன என்பது அந்த ஒரு காலை நேரத்தால்தான் இன்னும் என் நினைவில் இருக்கிறது. இடது கால் மெட்டி சற்று வளைந்திருக்கும்.

காசிமேட்டிலிருந்து ஒருவர்:

தமிழ்ப் படங்களுக்கு நடுவே ஒரு ஹாங்காங் படத்தைக் கொண்டுவருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பகுதியில் குத்துச்சண்டைப் பயிற்சி இல்லாத தெருவே அப்போது கிடையாது. ஆகவே புரூஸ் லீயின் படமோ ஹாங்காங்கின் ஷா சகோதரர்கள் நிறுவனத்தின் படமோ வந்தால் கொட்டகை வாசலில் கடற்கரை ஆட்கள் அனைவரும் நிற்பார்கள். வசனம் யாருக்கும் புரியாது, அது யாருக்கும் தேவையும் இல்லை.

சண்டைக்கலை கற்பிக்கும் ஷாலின் மடத்தின் முப்பத்தாறாவது அறையைப் பற்றிய படம், 1978-இல் எடுத்தது, இங்கே சில ஆண்டுகள் கழித்து வந்தது. நாயகன் கார்டன் லியூ இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டித் தண்ணீர் வாளிகளைச் சுமந்துகொண்டு படியேறுவார். கை தாழ்ந்தால் விலாவில் குத்தும்படி மேற்கைகளில் கத்தி கட்டியிருக்கும். அது தண்ணீர்ப் பஞ்சக் காலம். மறுநாள் லாரி வந்தபோது, என் அண்ணன் இரண்டு குடங்களை நிரப்பி, இரண்டு கைகளையும் நேராக நீட்டித் தூக்கிக்கொண்டு நடந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. பத்தடியில் கைகள் நடுங்கத் தொடங்கின, இருபதாவது அடியில் ஒரு குடம் விழுந்தது. வரிசையில் நின்ற ஒரு பாட்டி ஓடிவந்து அண்ணனை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தம் குடத்திலிருந்து பாதியை எங்கள் குடத்தில் ஊற்றிவிட்டு, “தண்ணில வெளையாடாத ராஜா” என்று மட்டும் சொன்னார். அண்ணன் பிறகு நல்ல குத்துச்சண்டை வீரராக ஆனார். அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டால் கத்தியைப் பற்றிப் பேசமாட்டார், அந்தப் பாட்டியைப் பற்றித்தான் பேசுவார்.

தங்கசாலை ஐயா சொன்ன வரிசையில் எந்தப் படத்தையும் நாங்கள் பார்த்ததில்லை. எந்தக் கொட்டகையில் எது ஓடியதோ அதைப் பார்த்தோம். அப்படிப் பார்த்ததில் குறை ஒன்றும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

திருவொற்றியூரிலிருந்து ஒருவர்:

‘நெஞ்சம் மறப்பதில்லை’, 1963, மறுபிறவிக் கதை. நூறு வயதைக் கடந்த ஜமீன்தாராக நம்பியார் வரும் காட்சி. என் தந்தை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, போன பிறவியில் பகை வைத்திருந்தவன் இந்தப் பிறவியிலும் உயிரோடு இருந்தால் என்ன செய்வது என்று அடிக்கடி கேட்பார். நிலத்தகராறில் அவரோடு பேசாமல் இருந்த பெரியப்பா அப்போது எங்கள் எதிர்வீட்டில்தான் இருந்தார். அந்தக் கேள்விக்கு வீட்டில் யாரும் பதில் சொன்னதில்லை.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து மீண்டும் முதலில் எழுதியவர்:

ராயபுரத்து நண்பரின் தாத்தாவைப் பற்றிப் படித்த பிறகு நேற்று இரவு அந்தப் படத்தை மீண்டும் போட்டேன். பெரியவர் எழுந்து போனது எந்த இடத்தில் என்பது எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது: தன் திறமைக்கு இந்த நாட்டில் மதிப்பில்லை என்று ராஜன் குமுறும் இடம். அதற்கு மேல் அவரால் உட்கார முடியவில்லையா, அல்லது அதைக் கேட்பதற்காகத்தான் வந்திருந்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கு அன்று அறுபது வயதுக்கு மேல் இருக்கும். 1943-இல் இளைஞராக இருந்திருப்பார். முடிவைச் சொல்லிவிட்டதற்காக அவர்மேல் எனக்கிருந்த கோபம் எப்போது போனது என்பதும் தெரியவில்லை.

இடைவேளையில் அவர் எனக்காகவும் சேர்த்து இரண்டு பொட்டலம் வேர்க்கடலை வாங்கி வந்தார் என்பதை முன்பு எழுத மறந்துவிட்டேன். என்னுடையதை நான் தின்றுவிட்டேன். விளக்குகள் எரிந்தபோது, அவருடையது பிரிக்காமல் அந்த இருக்கையிலேயே இருந்தது.