பைபிஐ-யில் ஏறிய 1.4.0-இல் தமிழ் வரவில்லை, 1.4.1 ஏறவே மறுக்கிறது: உதவி தேவை

மாந்தோப்பு (கிருஷ்ணகிரி):

வணக்கம். மாங்காய் மண்டிகளுக்கு எடைச்சீட்டு போட்டு, கழிவு, தரகு, இறக்குக்கூலி கணக்குப் பார்க்கும் திறமூலத் தொகுப்பு இது. பைதான் 3.11. பில்டுக்கு செட்டப்டூல்ஸ், வெர்ஷன் எண்ணை கிட் டேகிலிருந்து (ஒரு கமிட்டுக்கு வைக்கும் பெயர்க்குறி) எடுக்க செட்டப்டூல்ஸ்-எஸ்சிஎம், தமிழாக்கத்துக்கு கெட்டெக்ஸ்ட்.

முதல் சிக்கல்: 1.4.0-ஐ லேப்டாப்பிலிருந்து ட்வைன் என்ற ஏற்றும் கருவி வழியாக பைபிஐ-யில் (பைதான் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியம்) ஏற்றினேன். என் லினக்ஸில் எல்லாம் தமிழில் வருகிறது. காவேரிப்பட்டணம் கடையில் உள்ள விண்டோஸ் கணினியில் பிப் இன்ஸ்டால் செய்தால் மெனு முழுக்க ஆங்கிலம். பிழைச் செய்தி எதுவும் இல்லை.

இரண்டாவது: 1.4.1-க்கு கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஒர்க்ஃப்ளோ (தானாக ஓடும் படிகளின் பட்டியல்) எழுதினேன். டேக் புஷ் ஆனதும் மொழிபெயர்க்க வேண்டிய சரங்களைத் திரட்டி, பிஓ கோப்பை (மொழிபெயர்ப்பு எழுதும் கோப்பு) புதுப்பித்து, எம்ஓ (நிரல் படிக்கும் வடிவம்) ஆக்கி, பில்ட் செய்து ஏற்ற வேண்டும். பில்ட் பச்சை காட்டுகிறது. ஏற்றும்போது 400 பிழை, லோக்கல் வெர்ஷன் கூடாதாம். பில்ட் ஆன கோப்புகள் விழும் டிஸ்ட் ஃபோல்டரைப் பார்த்தால் கோப்பின் பெயரில் 1.4.1 இல்லை, 1.4.2.டெவ்0, அதன்பின் பிளஸ் குறி, கமிட் எண், தேதி. 1.4.1 என்று டேக் போட்டால் 1.4.2 எங்கிருந்து வருகிறது?

1.4.1-இல் மாங்காய் ரகப் பட்டியலையும் தனி ஜேசன் கோப்பாகப் பிரித்திருக்கிறேன். பெங்களூரா ரக மாங்காய் வரத்து தொடங்குவதற்குள் சரியான வெர்ஷன் கடைகளுக்குப் போக வேண்டும். 1.4.0-ஐ அழித்துவிட்டு அதே எண்ணில் திரும்ப ஏற்றலாமா?

தென்பெண்ணை (ஓசூர்):

கடைசிக் கேள்விக்கு முதலில். அழிக்காதீர்கள். பைபிஐ-யில் ஒரு கோப்புப் பெயர் ஒருமுறை பயன்பட்டால் அவ்வளவுதான். அழித்தாலும் அதே பெயரில் வேறு கோப்பை ஏற்ற விடாது. அழித்தால் எண்ணும் போகும், 1.4.0 என்று எழுதி வைத்திருப்பவர்களுக்கு இன்ஸ்டாலும் உடையும்.

செய்ய வேண்டியது யாங்க். ப்ராஜெக்ட் நிர்வாகப் பக்கத்தில் அந்த ரிலீஸுக்கு நேரே இருக்கும் விருப்பங்களில் கிடைக்கும். யாங்க் செய்த வெர்ஷனை பிப் தானாகத் தேர்ந்தெடுக்காது. இரட்டைச் சமக்குறி போட்டு 1.4.0-தான் வேண்டும் என்று கேட்பவருக்கு மட்டும் எச்சரிக்கையோடு கொடுக்கும். தேவைப்பட்டால் யாங்கைத் திரும்பப் பெறவும் முடியும். ஆனால் புது வெர்ஷன் ஏறி, சோதித்து முடிந்த பிறகு யாங்க் செய்யுங்கள். இப்போதே செய்தால் புதிதாக நிறுவுகிறவருக்கு 1.3 வரிசைதான் கிடைக்கும்.

1.4.0.போஸ்ட்1 என்று போடலாமே என்று யாராவது சொல்லக்கூடும். போஸ்ட் என்பது விளக்கக் குறிப்பில் உள்ள சின்னப் பிழைகளைத் திருத்துவதற்கு. உள்ளே கோடு மாறுகிறது என்றால் கடைசி எண்ணை ஏற்றுவதே முறை.

தகடூர்க்காரர் (தர்மபுரி):

தம்பி, இரண்டாவது சிக்கலுக்குக் காரணம் உங்கள் ஒர்க்ஃப்ளோவின் வரிசையிலேயே இருக்கிறது. டேக் போட்ட கமிட்டில் நின்று, எந்தக் கோப்பும் மாறாமல் இருந்தால்தான் செட்டப்டூல்ஸ்-எஸ்சிஎம் 1.4.1 என்று சொல்லும். கிட் கண்காணிக்கும் கோப்பு ஒன்றில் ஓர் எழுத்து மாறினாலும் "இது 1.4.1 இல்லை, அதற்கு அடுத்ததை நோக்கிப் போகிற வேலை" என்று எடுத்துக்கொண்டு 1.4.2.டெவ்0 ஆக்கி, பிளஸ் போட்டு கமிட்டையும் தேதியையும் ஒட்டிவிடும். பிளஸுக்குப் பின்னால் வருவதுதான் லோக்கல் வெர்ஷன். அதை பைபிஐ ஏற்காது.

எது மாறியது என்று பார்க்க, பில்டுக்கு முந்தைய படியில் "கிட் ஸ்டேட்டஸ் --ஷார்ட்", "கிட் டிஃப்" இரண்டையும் ஓட்டுங்கள். பிஓ கோப்பின் தலைப்பில் உள்ள "பாட் கிரியேஷன் டேட்" வரிதான் மாறியிருக்கும். சரங்களைத் திரும்பத் திரட்டும்போதெல்லாம் அந்தத் தேதி புதுசாகும். மொழிபெயர்ப்பு அப்படியே இருந்தாலும் கோப்பு மாறிவிடும்.

ஆகவே திரட்டுவதும் புதுப்பிப்பதும் ரிலீஸ் வேலையில் இருக்கவே கூடாது. டேகுக்கு முன்னால் அதைச் செய்து, ஒரு தமிழ் தெரிந்த ஆள் பார்த்து, கமிட் ஆக வேண்டும். இதைத் தானியங்கியிடம் விடக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஆங்கில மூலம் கொஞ்சம் மாறினால் பழைய தமிழ் வரிக்கு "ஃபசி" (சரிபார்க்க வேண்டியது) குறி விழும். ஃபசி வரிகளை எம்ஓ ஆக்கும்போது விட்டுவிடுவார்கள், அந்த இடத்தில் ஆங்கிலம் நிற்கும். "எம்எஸ்ஜிஎஃப்எம்டி --ஸ்டாட்டிஸ்டிக்ஸ்" ஓட்டினால் எத்தனை வரி ஃபசி, எத்தனை மொழிபெயர்க்கவில்லை என்று சொல்லும்.

"லோக்கல் ஸ்கீமை நோ-லோக்கல்-வெர்ஷன் ஆக்கு, ஏறிவிடும்" என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். ஏறும், உண்மைதான். ஆனால் ஏறுவது 1.4.2.டெவ்0. அது முன்வெளியீட்டுக் கணக்கு என்பதால் சாதாரணமாக பிப் அதைத் தொடாது. உங்களுக்கு ரிலீஸ் ஆனது போலத் தெரியும், கடைக்குப் போய்ச் சேராது. அந்த வழிக்குப் போகாதீர்கள்.

இனி முதல் சிக்கல். எம்ஓ கோப்புகள் கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ள வேண்டாத கோப்புகளின் பட்டியல்) இருக்கின்றனவா? இருந்தால் கிட்டில் இல்லாத கோப்பை செட்டப்டூல்ஸ்-எஸ்சிஎம் தொகுப்புக்குள் எடுக்காது. லேப்டாப்பில் எடிட்டபிள் இன்ஸ்டால் இருப்பதால் பைதான் நேரே மூல ஃபோல்டரைப் படிக்கிறது, அங்கே எம்ஓ இருக்கிறது. வீலில் (பிப் நிறுவும் தொகுப்புக் கோப்பு) இல்லை. கெட்டெக்ஸ்டுக்கு "ஃபால்பேக் ட்ரூ" கொடுத்திருப்பீர்கள், அதனால் கோப்பு இல்லை என்றுகூடச் சொல்லாமல் ஆங்கிலத்தைக் காட்டுகிறது.

எம்ஓ கிட்இக்னோரிலேயே இருக்கட்டும். தொகுப்பில் எதைச் சேர்ப்பது என்று சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் ஒரு வரி போதும்: "ரிகர்சிவ்-இன்க்ளூட்", அடுத்து லொகேல் ஃபோல்டரின் பாதை, அடுத்து நட்சத்திரம்-புள்ளி-எம்ஓ. "பைதான் -எம் பில்ட்" முதலில் எஸ்டிஸ்ட் (மூலக்கோட்டுக் கட்டு) செய்து, அதிலிருந்துதான் வீல் செய்யும். எனவே எஸ்டிஸ்டில் விட்டுப்போனது வீலிலும் இருக்காது. எம்ஓ ஆக்கும் படி பில்டுக்கு முன்னால் வரவேண்டும்.

மாந்தோப்பு (கிருஷ்ணகிரி):

அண்ணா, நீங்கள் சொன்னதேதான். டிஃபில் அந்தத் தேதி வரி மட்டும் மாறியிருந்தது. எம்ஓ கிட்இக்னோரில் இருந்தது. மேனிஃபெஸ்டில் வரி சேர்த்தேன். "பைதான் -எம் ஜிப்ஃபைல் -எல்" கொடுத்து வீலைத் திறந்து பார்த்தால் உள்ளே எம்ஓ இருக்கிறது. ட்வைன் செக்கும் பாஸ். ஆனால் அந்த வீலை விண்டோஸில் போட்டால் இன்னும் ஆங்கிலம்தான்!

பாலக்கோட்டுப் பைதான்:

நண்பா, ட்வைன் செக் பார்ப்பது பைபிஐ பக்கத்தில் விளக்கம் ஒழுங்காகத் தெரியுமா என்பதை மட்டும். வீலுக்குள் என்ன இருக்கிறது என்பது அதன் கவலை இல்லை.

விண்டோஸில் இது வேறு காரணம். மொழியை நீங்கள் சொல்லாவிட்டால் கெட்டெக்ஸ்ட், லேங்குவேஜ், எல்சி ஆல், எல்சி மெசேஜஸ், லேங் என்ற சூழல் மாறிகளைத்தான் வரிசையாகப் பார்க்கும். விண்டோஸில் இவை வழக்கமாக இருப்பதில்லை. கண்ட்ரோல் பேனலில் தமிழ் வைத்திருந்தாலும் அதை அது கேட்காது. ஆகவே "டிரான்ஸ்லேஷன்" அழைப்பில் மொழிப்பட்டியலை நீங்களே கொடுங்கள், தமிழுக்கு "டிஏ". பயனர் மாற்றிக்கொள்ள அமைப்புக் கோப்பில் ஒரு வரி வைத்தால் போதும்.

ஜேசன் கோப்பையும் இப்போதே பாருங்கள். ஓப்பன் செய்யும் இடத்தில் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று எழுதவில்லை என்றால், விண்டோஸில் பைதான் 3.11 பெரும்பாலும் சிபி1252-ஆக (விண்டோஸின் பழைய மேலைநாட்டு எழுத்துக்குறி முறை) படிக்கும். தமிழ்ப் புள்ளி யூடிஎஃப்-8-இல் மூன்று பைட். கடைசி பைட் 8டி. சிபி1252-இல் அந்த இடம் காலி. "நீலம்", "பீத்தர்" என்று புள்ளி வைத்த முதல் பெயரிலேயே யூனிகோட் டிகோட் எரர் வந்து நிற்கும். லினக்ஸில் எவ்வளவு சோதித்தாலும் இது தெரியாது. சோதனை வேலையில் விண்டோஸையும் சேர்த்துவிடுங்கள், மேட்ரிக்ஸில் (எந்தெந்த இயங்குதளத்தில் ஓட்டுவது என்ற பட்டியல்) ஒரு வரிதான்.

சோதிக்கும் முறையும் முக்கியம். புதிய வென்வ் (தனித்த பைதான் சூழல்), ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு வெளியே நின்று, வீலை மட்டும் நிறுவி ஓட்ட வேண்டும். உள்ளே நின்று ஓட்டினால் மூலக்கோடே இம்போர்ட் ஆகிவிடும். ஒரு டெஸ்டில் "ஃபால்பேக் ஃபால்ஸ்" வைத்துத் தமிழை ஏற்றச் சொல்லுங்கள்; எம்ஓ விட்டுப்போனால் அங்கேயே சிவப்பு விழும்.

மாந்தோப்பு (கிருஷ்ணகிரி):

மொழிப்பட்டியல் கொடுத்ததும் தமிழ் வந்துவிட்டது. என்கோடிங்கும் சேர்த்தேன். இன்னும் ஒன்று: 1.4.1 டேக் ஏற்கனவே கிட்ஹப்பில் இருக்கிறது, பைபிஐ-யில் எதுவும் ஏறவில்லை. டேகைப் புதிய கமிட்டுக்கு நகர்த்தலாமா?

தகடூர்க்காரர் (தர்மபுரி):

நகர்த்த வேண்டாம். பழைய டேகை எடுத்து வைத்திருப்பவரிடம் ஃபெட்ச் செய்தாலும் அது மாறாது. ஒரே பெயரில் இரண்டு கமிட் உலவும். 1.4.1 கிடக்கட்டும், மாற்றக்குறிப்பில் "பைபிஐ-யில் வெளியிடப்படவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு 1.4.2-க்குப் போங்கள். எண்ணுக்கா பஞ்சம்?

முதலில் 1.4.2ஆர்சி1 (ஆர்சி என்றால் இறுதிக்கு முந்தைய வெளியீடு) என்று டேக் போட்டு டெஸ்ட்பைபிஐ-யில் (பைபிஐ-யின் ஒத்திகைத் தளம்) ஏற்றிப் பாருங்கள். அங்கே கணக்கும் டோக்கனும் (ஏற்றுவதற்கான ரகசியச் சாவி) தனி. சார்புத் தொகுப்புகள் அங்கே இருக்காது, இருந்தாலும் நம்ப முடியாது. அவற்றை பைபிஐ-யிலிருந்து முதலில் நிறுவிவிட்டு, உங்களுடையதை மட்டும் "--நோ-டெப்ஸ்" போட்டு அங்கிருந்து எடுங்கள்.

தென்பெண்ணை (ஓசூர்):

ஒர்க்ஃப்ளோ ஓடுகிறது என்பதால் டோக்கனை எடுத்துவிட்டு டிரஸ்டட் பப்ளிஷிங்குக்கு (சேமித்து வைத்த டோக்கன் இல்லாமல், பதிந்த ஒர்க்ஃப்ளோவையே பைபிஐ நம்பி ஏற்கும் முறை) மாறுங்கள். பைபிஐ-யில் ரெப்போ உரிமையாளர், ரெப்போ பெயர், ஒர்க்ஃப்ளோ கோப்பின் பெயர் மூன்றையும் பதிய வேண்டும். ஒர்க்ஃப்ளோவில் ஐடி-டோக்கனுக்கு ரைட் அனுமதி வேண்டும். பின்னாளில் அந்தக் கோப்பின் பெயரை மாற்றினால் அங்கேயும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி மறுக்கப்படும்.

கடைகளில் 1.4.0 என்று இரட்டைச் சமக்குறியோடு நிறுவியிருந்தால் யாங்க் அவர்களை நகர்த்தாது. அந்தக் கடைகளுக்குப் போன் போட்டு, "பிப் இன்ஸ்டால் --அப்கிரேட்" கொடுக்கச் சொல்லத்தான் வேண்டும். யாங்க் செய்யும்போது காரணப் பெட்டியைக் காலியாக விடாதீர்கள், பிப் எச்சரிக்கையில் அதுதான் தெரியும். இப்படி எழுதலாம்: "தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்புகள் விடுபட்டுள்ளன, 1.4.2 பயன்படுத்தவும்."