பில் போட முடியல, லாக் ஃபைல் (எல்.டி.எஃப்.) 140 ஜிபி ஆயிட்டு

டவுன் மளிகை:
திருநெல்வேலி டவுன்ல மளிகை மொத்த வியாபாரம். பில் டேட்டாபேஸ் ஓடுறது எஸ்.க்யூ.எல். சர்வர் 2014 ஸ்டாண்டர்டு. காலைல இருந்து பில் போட்டா 9002 எரர், லாக் நிறைஞ்சிட்டுன்னு வருது. டேட்டா இருக்கிற எம்.டி.எஃப். ஃபைல் 6 ஜிபிதான், ஒவ்வொரு மாத்தத்தையும் குறிச்சு வைக்கிற லாக் ஃபைல் எல்.டி.எஃப். 140 ஜிபி! டி டிரைவ்ல இடமே இல்ல. ராத்திரி ஃபுல் பேக்கப் தவறாம ஓடுது. அம்பை, தென்காசி லோடு வண்டியெல்லாம் வாசல்ல நிக்குது. எல்.டி.எஃப்.பை அழிச்சிட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணலாமா?

சுரண்டை டிபிஏ:
அழிச்சிராதீங்க அண்ணாச்சி. பாதியில நிக்கிற ட்ரான்ஸாக்‌ஷன் ஒண்ணு இருந்தாலும் டேட்டாபேஸ் திறக்காமப் போயிரும். லாக் ஏன் காலியாகலன்னு சிஸ்.டேட்டாபேசஸ்ல லாக்_ரீயூஸ்_வெயிட்_டெஸ்க்ங்கிற காலம் சொல்லும், அது என்ன காட்டுதுன்னு பாத்துச் சொல்லுங்க.

டவுன் மளிகை:
லாக்_பேக்கப். ரெக்கவரி மாடல் ஃபுல்னு இருக்கு.

சுரண்டை டிபிஏ:
அதான் காரணம். ஃபுல் மாடல்ல ராத்திரி எத்தனை ஃபுல் பேக்கப் எடுத்தாலும் லாக் காலியாகாது. லாக் பேக்கப் தனியா எடுத்தாத்தான் அந்த இடத்தை சர்வர் திரும்பப் புழங்கும்.

எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒண்ணை மாட்டி, கம்ப்ரஷனோட லாக் பேக்கப் எடுங்க. நேரமாகும், பொறுங்க. முடிஞ்சதுமே பில் ஓடும். ஆனா ஃபைல் 140லயேதான் நிக்கும், பயப்படாதீங்க. உள்ள காலி, வெளிய அளவு குறையல, அவ்வளவுதான். கடையடைச்ச பிறகு, ஃபைல் அளவைக் குறைக்கிற டிபிசிசி ஷ்ரிங்க்ஃபைல் கமாண்டைப் போட்டு 8 ஜிபிக்கு இறக்குங்க. குறையலைன்னா, ஓடிக்கிட்டிருக்கிற பகுதி ஃபைலோட கடைசியில கிடக்குன்னு அர்த்தம். இன்னொரு லாக் பேக்கப் எடுத்துட்டு மறுபடி ஷ்ரிங்க்.

ஃபைல் நிறைஞ்சா தானா எவ்வளவு வளரணுங்கிற ஆட்டோக்ரோத் 10 சதவீதம்னு இருக்கும், 512 எம்பின்னு மாத்துங்க. லாக் வளரும்போது புது இடம் முழுக்க பூஜ்யம் எழுதித்தான் எடுக்கும், அதுவரைக்கும் பில் நிக்கும். அதனாலதான் தினமும் ஷ்ரிங்க் வேண்டாங்கேன்.

பாளை சிஸ்டம்ஸ்:
எதுக்கு இவ்வளவு பாடு? சிம்பிள் மாடலுக்கு மாத்திட்டா லாக் தானா காலியாகும்லா.

சுரண்டை டிபிஏ:
ஆகும்தான். ஆனா சாயங்காலம் டிஸ்க் போச்சுன்னா நேத்து ராத்திரி பேக்கப்தான் மிச்சம். இன்னைக்குப் போட்ட கடன் பில்லை எல்லாம் யார் ஞாபகத்துல இருந்து எழுத? மொத்த வியாபாரத்துக்கு அது சரிப்படாது வே. ஒருநாள் போனாப் பரவாயில்லங்கிற இடத்துக்கு சிம்பிள் போதும்.

டவுன் மளிகை:
பில் ஓடுது அண்ணாச்சி, லோடு கிளம்பிட்டு! ராத்திரி ரெண்டாவது ஷ்ரிங்க்ல 8 ஜிபிக்கு வந்துட்டு. நேரத்துக்குத் தானா வேலையை ஓட்டுற எஸ்.க்யூ.எல். ஏஜெண்ட்ல அரைமணிக்கு ஒரு லாக் பேக்கப் போட்டாச்சு. அதை டி டிரைவ்லயே வச்சுக்கிடலாமா?

சுரண்டை டிபிஏ:
கூடாது. டிஸ்க் போனா பேக்கப்பும் சேந்து போயிரும். வேற மெஷினுக்கு அனுப்புங்க. நடுவுல ஒரு லாக் பேக்கப் காணாமப் போனாலும் அதுக்குப் பிந்தினது சேராது, அதனால பழசை அழிக்கிறதுக்கு முன்னால ஒருதடவை வேற பேர்ல ரீஸ்டோர் பண்ணிப் பாத்திருங்க.