பழைய பத்திரத்தில் ‘ரெலிக்ட்’, ‘கசின் ஜெர்மன்’: தமிழில் எப்படி எழுதுவது?

மஞ்சக்குப்பம்:
கடலூரில் 1860களில் எழுதிய ஆங்கிலக் கிரயப் பத்திரம். ‘ரெலிக்ட்’, ‘கசின் ஜெர்மன்’, ‘மதர்-இன்-லா’ மூன்றும் வருகின்றன. கடைசியை மாமியார் என்றால், பத்திரத்தில் அந்த உறவு சொல்லப்படும் மகனுக்குக் கல்யாணமே ஆகவில்லையே?

கெடிலக்கரை:
ரெலிக்ட் என்றால் விதவை. ‘காலஞ்சென்ற இன்னாரின் மனைவி’ என்றே எழுதுங்கள். ‘காலஞ்சென்ற’ விட்டுப்போனால் புருஷன் உயிரோடு இருப்பதாக ஆகிவிடும்.

ஜெர்மனுக்கும் அந்த நாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. லத்தீன் ‘ஜெர்மானுஸ்’, கூடப்பிறந்த என்று பொருள். பிரதர் ஜெர்மன்: தாய் தகப்பன் இருவரும் ஒன்று. யூட்டரைன் பிரதர்: தாய் மட்டும் ஒன்று. கசின் ஜெர்மன்: கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகள்.

சிக்கல் இங்கேதான். பெரியப்பா மகன், அத்தை மகன், மாமன் மகன், சித்தி மகன் எல்லாருக்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல். கண்ணை மூடிக்கொண்டு பங்காளி என்று போட்டால் பாகமே புரண்டுவிடும். இருவருடைய தகப்பன் பெயரையும் அப்பாவழித் தாத்தா பெயரையும் பத்திரத்தில் தேடுங்கள். தகப்பன்மார் அண்ணன் தம்பி என்று தெரிந்தால் மட்டும் பங்காளி. தெரியாவிட்டால் ‘கசின் ஜெர்மன்’ என்றே தமிழெழுத்தில் விட்டு, அடிக்குறிப்புப் போடுங்கள்.

புதுவை மிஷன் வீதி:
அந்தக் கால ஆங்கிலத்தில் மதர்-இன்-லா மாற்றாந்தாயையும் குறிக்கும். இங்கே பிரெஞ்சுப் பத்திரங்களில் வரும் ‘பெல் மேர்’ இன்றைக்கும் இரண்டுக்கும் பொது. மகனுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்றால் மாற்றாந்தாய்தான்.

மஞ்சக்குப்பம்:
‘நெவ்யூ’?

கெடிலக்கரை:
1600கள் வரை பேரனுக்கும் வழங்கியது. உங்கள் பத்திரம் 1860கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை மகன்தான். அதிலும் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.