நாகை வீடு 🏠 குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா: ↪️ பலமுறை பகிரப்பட்டது
ஏழையாகப் பிறந்தது உன் தப்பில்லை. ஏழையாகவே செத்தால் அது உன் தப்பு. இனிய காலை வணக்கம் 🌹🙏

பிரபு அண்ணன்: அப்பா, நேத்து ராத்திரிதானே ராஜி அத்தை வீட்டு ஹரி காலேஜ் ஃபீஸ் பேச்சு ஓடுச்சு. விடிஞ்சதும் இதையா போடுவீங்க 🤦

பெரியப்பா: பொதுவாப் போட்டேன்.

ராஜி அத்தை: சரிண்ணே. புரிஞ்சுது.

அப்பா: ராஜி, அண்ணன் அந்த அர்த்தத்துல போட்டிருக்க மாட்டார்மா

பெரியப்பா: அந்த அர்த்தத்துலயே வெச்சுக்கங்க. ஒளிச்சுப் பேச எனக்கு வராது. குடும்ப நிதியிலேர்ந்து ஒண்ணரை லட்சம் கேக்கறீங்க. தரலாம். கடனா எழுதிக்குவோம், வட்டி வேணாம். சும்மா தூக்கிக் குடுத்தா அதுவே பழக்கமாயிடும். பேங்க்ல 36 வருஷம் லோன் சீட்ல உக்காந்தவன் நான். மனசு வெச்சவன் கட்டுவான், வெக்காதவன் தலையெழுத்தும்பான். தெய்வத்தான் ஆகாதெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்.

ராஜி அத்தை: கஜா அடிச்ச ராத்திரி 140 தென்னை சாஞ்சுது. மனசு வெச்சா காத்து நின்னுருக்குமா? ஊழிற் பெருவலி யாவுளன்னு எழுதினதும் அதே வள்ளுவர்தான்.

பெரியப்பா: அது 38ஆவது அதிகாரம். முயற்சி 62. பின்னாடி வந்த தீர்ப்புதான் செல்லும் 😄

பிரபு அண்ணன்: வள்ளுவர் அப்பீல் கோர்ட்டே வெச்சிருக்காரு போல

நான்: காலை வணக்கம் எல்லாருக்கும். இங்க நெதர்லாந்து லெய்டன்ல இன்னும் விடியவே இல்ல, உங்க சத்தத்துல முழிச்சுட்டேன். பெரியப்பா, இதே சண்டை என் யுனிவர்சிட்டியில 400 வருஷத்துக்கு முன்னாடி நடந்துச்சு. அதுல ஒரு தலையே போச்சு.

பெரியப்பா: யாரு தலை? சொல்லு சொல்லு

நான்: ரெண்டு பேராசிரியருங்க, கோமாருஸ், அர்மீனியுஸ். ரெண்டு பேருமே கால்வின்ங்கற புராட்டஸ்டன்ட் போதகர் வழிக்காரங்கதான். யாருக்கு மோட்சம்னு கடவுள் முன்கூட்டியே எழுதி வெச்சுட்டார், மனுஷன் கையில ஒண்ணுமில்லன்னார் கோமாருஸ். கடவுள் நீட்டறத வாங்கிக்கவும் தட்டிவிடவும் மனுஷனுக்கு இடம் இருக்குன்னார் அர்மீனியுஸ். அவர் 1609ல போய்ச் சேர்ந்துட்டார், சண்டை போகல. 1618-19ல டோர்ட்ங்கற ஊர்ல சபை கூடி கோமாருஸ் பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு. அர்மீனியுஸ் ஆளுங்களுக்கு நிழலா நின்ன பெரிய அரசியல்வாதி ஓல்டன்பார்னெவெல்ட்டை தி ஹேக்ல வெச்சு வெட்டிட்டாங்க. 71 வயசு மனுஷன். 1602ல டச்சு கிழக்கிந்திய கம்பெனியை ஒட்டவெச்சு உண்டாக்கினதே அவர்தான்.

அப்பா: 1658ல நம்ம நாகப்பட்டினத்தைப் பிடிச்ச கம்பெனியா?

நான்: அதேதான்பா

பெரியப்பா: ஆக ஜெயிச்சது விதிக் கட்சி. ஆனா ஊரு பணத்துல கொழிச்சுதே, எப்படி? பி.ஏ. எகனாமிக்ஸ்ல மாக்ஸ் வெபர்ங்கற ஜெர்மன் சமூகவியல் அறிஞரைப் படிச்ச ஞாபகம் இருக்கு. விதிய நம்பினவன்தான் ராப்பகலா உழைச்சான்னு எழுதியிருப்பார்.

பிரபு அண்ணன்: எனக்கு இது புரியவே இல்ல. எல்லாம் எழுதிட்டா போர்வைய இழுத்து மூடிக்க வேண்டியதுதானே. ஓவர்டைம் எதுக்கு?

நான்: பயம்ணா. நாம லிஸ்ட்ல இருக்கமா இல்லையான்னு தெரியாம தவிப்பு. தொழில் நல்லாப் போனா அதை ஒரு அடையாளமா எடுத்துக்கிட்டாங்க. சம்பாதிச்சாங்க, ஆடம்பரம் கூடாதுன்னு செலவும் பண்ணல, மிச்சம் முதலாச்சு. 1904-05ல வெபர் சொன்னதோட சாரம் இதான். ஆனா பெரியப்பா, முழுசா ஒப்புக்க முடியல. வியாபாரத்துக்கு ஆதாரமான ரெட்டைப் பதிவுக் கணக்கை 1494லயே இத்தாலில அச்சடிச்சுப் புஸ்தகமாப் போட்ட பச்சோலி ஒரு கத்தோலிக்கத் துறவி. அப்போ கால்வின் பிறக்கவே இல்ல. 2009ல ரெண்டு ஜெர்மன்காரங்க பிரஷ்யாங்கற பழைய ஜெர்மன் ராஜ்யத்தோட கணக்கெல்லாம் அலசிப் பாத்தாங்க. புராட்டஸ்டன்ட் மாவட்டங்கள் முன்னேறினதுக்குப் பெரும்பாலும் எழுத்தறிவே போதுமான காரணம்னு வந்துச்சு. ஆளாளுக்கு பைபிள் படிக்கணும்னு பள்ளிக்கூடம் வெச்சாங்க, படிச்சவன் சம்பாதிச்சான்.

அப்பா: அப்போ ஹரி ஃபீஸ்தான் மொதல்ல கட்டணும்னு ஆகுது 😌

பெரியப்பா: தம்பி, கோல் போடாதே. கட்ட மாட்டேன்னு நான் சொல்லல. கடன்னு எழுதச் சொல்றேன். மனுஷனுக்குச் சுய இச்சை உண்டுன்னு நம்பறவன் அவனைப் பொறுப்பாளியா மதிக்கிறான். அதுவும் ஒரு மரியாதை.

நான்: அதை ஒத்துக்கறேன். உங்களை மாதிரியே ஒரு டச்சு எழுத்தாளர் இருந்தார், கோர்ன்ஹெர்ட்னு பேரு. எல்லாம் விதின்னு சொன்ன கால்வினை எதிர்த்து வாழ்நாள் பூரா எழுதினவர். மனுஷன் முயன்றா திருந்தலாம், நம்பிக்கைக்காக யாரையும் தண்டிக்கக் கூடாதுன்னவர். ரொம்ப நல்ல மனுஷன். 1567ல ஜெயில்ல கிடந்தப்போ ஒரு சின்ன நூல் எழுதினார், 20 வருஷம் கழிச்சு அச்சாச்சு. ஊர் சுத்தறவங்களையும் பிச்சை எடுக்கறவங்களையும் தூக்குல போடாதீங்க, அடைச்சு வெச்சு வேலை வாங்குங்க, திருந்துவாங்கங்கறார்.

பெரியப்பா: சரியாத்தானே சொல்லியிருக்கார்

நான்: 1596ல ஆம்ஸ்டர்டாம்ல அப்படியே ஒரு இடம் திறந்தாங்க, ராஸ்ப்ஹாய்ஸ். பிரேசில் மரக்கட்டைய ரெண்டு ரெண்டு பேரா பல அலகு ரம்பத்தால ராவிப் பொடியாக்கணும். சாயப்பட்டறைக்குச் சிவப்புச் சாயம். போன மாசம் போய்ப் பாத்தேன். வாசல் வளைவு மட்டும் மிச்சம், இப்ப அது ஷாப்பிங் மாலுக்கு நுழைவாசல். மேல சிற்பம் இருக்கு. ஒரு வண்டி நிறைய மரக்கட்டை, நுகத்துல சிங்கம் புலியெல்லாம் பூட்டி ஒருத்தன் சாட்டையால அடிக்கறான். கீழ ஜனங்க துணிக்கடைப் பையோட உள்ள போறதும் வர்றதுமா இருக்காங்க.

ராஜி அத்தை: பிரேசில் மரம்னா கேரளாவுல தண்ணில போட்டுக் காய்ச்சறாங்களே பதிமுகம், அதுவா?

நான்: அதோட உறவுதான் அத்தை. அதே சிவப்பு.

பெரியப்பா: அவங்க திருந்தினாங்களா இல்லையா, அதைச் சொல்லு

நான்: சாயப் பொடி விக்கற ஏகபோக உரிமைய அரசாங்கம் அந்த ஜெயிலுக்கே குடுத்துடுச்சு. ஆளும் அடைபட்ட ஆள், போட்டியும் கிடையாது. இவன் திருந்திட்டான், வெளிய விடலாம்னு யாருக்குத் தோணும்? வேலை கிடைக்காதவன் யாரு, செய்ய மனசில்லாதவன் யாருன்னு வாசல்ல நிக்கறவனால பிரிக்க முடியாதுங்கறதும் இருக்கு. இன்னொண்ணு. எல்லாம் எழுதினபடிதான்னு நம்பின இதே ஊர்ல, என் ரூம் பக்கத்துலயே ஹோஃப்யேன்னு இருக்கு. குட்டிக் கதவு, தலைய குனிஞ்சு உள்ள போனா முற்றம், நடுவுல தண்ணி பம்பு, சுத்தி சின்னச் சின்ன வீடு. வசதியானவங்க உயில் எழுதி வெச்சு, ஏழை வயசாளிங்க வாடகை இல்லாம இருக்கக் கட்டினது. லெய்டன்ல மட்டும் முப்பதுக்கு மேல இருக்கு.

பிரபு அண்ணன்: ஆக விதிக்காரன் வீடு கட்டினான், சுய இச்சைக்காரன் ஜெயில் கட்டினான். செம

நான்: அவ்ளோ சுலபமாப் பிரியாதுண்ணா. ரெண்டுத்துக்கும் ஒரே ஊர்ப் பணம்தான். ஹோஃப்யேலயும் ஒழுக்கமான கிழவின்னு பாத்துதான் சேத்தாங்க.

பெரியப்பா: ஆகமொத்தம் என்னை ஜெயிலர்ங்கறே

நான்: ஐயோ இல்ல பெரியப்பா 🙏

பிரபு அண்ணன்: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராஜி அத்தை: என்னடா அழிச்சே

சேது மாமா: மச்சான், காலைலேர்ந்து தோப்புல இருக்கேன். இங்க டவர் விட்டு விட்டு வருது. இப்பதான் எல்லாம் படிச்சேன். 2019ல 90 தென்னம்பிள்ளை வெச்சேன். அதுல 41 பாளை விட்டுருச்சு, ஒவ்வொண்ணா எண்ணிட்டுத்தான் சொல்றேன். வெச்சதும் தண்ணி ஊத்தினதும் நான். காத்து நான் இல்ல. கடனாவே எழுதுங்க, அதுல எனக்குக் கௌரவக் குறைச்சல் ஒண்ணுமில்ல. ஒரே ஒரு வரி சேத்துக்கங்க. மறுபடி புயல் வந்து மரம் போச்சுன்னா தவணை நிக்கணும்.

அப்பா: 👏

பெரியப்பா: இது நியாயமான ஷரத்து மாப்ளே. பேங்க்லயும் புயல் வெள்ளம்னா தவணைய தள்ளிவைப்போம். இருங்க, நோட்டை எடுத்துட்டு வர்றேன்.

பெரியப்பா: எழுதறேன். எந்தப் புயலுக்கு நிக்கணும்? காத்து எத்தனை கிலோமீட்டர் வேகம்னு போடட்டும்?

சேது மாமா: கிலோமீட்டர் கணக்கெல்லாம் வேணாம் மச்சான். மரம் சாஞ்சாப் போதும்.

பெரியப்பா: எத்தனை மரம்?

ராஜி அத்தை: அண்ணே!!