கெய்ன் திருகை மீட்டர் வைத்து நிறுத்திய அனுபவம்

காரில் ஆம்ப்ளிஃபையர் பொருத்தியவர்களில் பலர், அதிலுள்ள கெய்ன் திருகைச் சத்தம் கூட்டும் திருகு என்றே எண்ணுகிறார்கள். ஸ்டீரியோவிலிருந்து ஆர்சிஏ கேபிள் வழியே வரும் சிக்னலின் வோல்ட்டுக்கும் ஆம்ப்ளிஃபையரின் திறனுக்கும் பொருத்தம் பார்த்து வைப்பதுதான் அதன் வேலை. இதைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை என் மைத்துனரின் காரில் பார்த்தேன்.

அது நான்கு சேனல் ஆம்ப்ளிஃபையர். நான்கு ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கரை மாட்டினால் சேனலுக்கு 75 வாட். இரண்டு சேனல்கள் முன்கதவு காம்பொனென்ட் ஸ்பீக்கர்களுக்கும் (உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டர் தனியாக உள்ளவை), மற்ற இரண்டும் பிரிட்ஜ் முறையில், அதாவது ஒன்றாக இணைக்கப்பட்டு, டிக்கியிலுள்ள, தாழ்ந்த ஒலிக்கான சப்ஊஃபருக்கும் போயிருந்தன. பொருத்திய கடையில் கெய்ன் திருகுகளைக் கடைசிவரை திருப்பி, தாழ்ந்த ஒலியைக் கூட்டும் பேஸ் பூஸ்ட்டையும் முழுதாக ஏற்றி அனுப்பியிருந்தார்கள். சில வாரங்களில் இடப்பக்க ட்வீட்டர் எரிந்துபோனது. “மச்சான், ஸ்பீக்கர் 300 வாட்டுன்னு பெட்டியிலயே போட்டிருக்கு, 75 வாட் ஆம்ப் அதை எப்படி எரிக்கும்?” என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி.

பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த 300 என்பது கண நேர உச்ச அளவு; அந்த ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்கக்கூடிய ஆர்எம்எஸ் அளவு, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்த 60 வாட்தான். அதைவிட முக்கியமான காரணம் கிளிப்பிங். ஆம்ப்ளிஃபையர் தன்னால் கொடுக்க முடிந்த வோல்ட்டுக்கு மேல் போகச் சொன்னால், ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடுகிறது. ஸ்பீக்கருக்குப் போகும் சராசரித் திறன் கூடுவதோடு, மூலப் பாட்டில் இல்லாத உயர் அதிர்வெண்களும் அந்த வெட்டினால் முளைத்து, ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் கிராஸோவர் வழியாக நேரே ட்வீட்டருக்குப் போய்ச் சேர்கின்றன. மெல்லிய வாய்ஸ் காயில் (உள்ளிருக்கும் கம்பிச்சுருள்) கொண்ட ட்வீட்டர்தான் முதலில் பலியாகிறது.

புது ட்வீட்டர் மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை வைத்துச் சரிசெய்தோம். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், வெளியீட்டில் இருக்க வேண்டிய வோல்ட் கிடைக்கும். ஆம்ப், ஸ்பீக்கர் இரண்டில் எதன் ஆர்எம்எஸ் குறைவோ அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். எனவே கதவு ஸ்பீக்கருக்கு 60 வாட், 4 ஓம், விடை 15.5 வோல்ட். பிரிட்ஜ் செய்த பக்கத்துக்கு 200 வாட், 4 ஓம், விடை 28.3 வோல்ட்.

ஸ்பீக்கர் ஒயர்கள் அனைத்தையும் கழற்றி, ஈக்வலைசரை நடுநிலையில் வைத்து, லவுட்னஸையும் பேஸ் பூஸ்ட்டையும் அணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, 0 டெசிபல் அளவில் பதிவான ஒற்றை அதிர்வெண் ஒலியை ஸ்டீரியோவில் ஓட்டினோம். கதவு ஸ்பீக்கர்களுக்கு 1000 ஹெர்ட்ஸ் வைப்பது வழக்கம் என்றாலும், விலை குறைந்த மீட்டர்கள் பலவும் சுமார் 400 ஹெர்ட்ஸ் வரைதான் ஏசி வோல்ட்டைச் சரியாகக் காட்டும் என்பதால் 400 ஹெர்ட்ஸையே வைத்தேன். சப்ஊஃபருக்கு 50 ஹெர்ட்ஸ். கடையில் வைத்துக்கொடுத்த நிலையில், ஸ்டீரியோவின் ஒலியளவு பாதியைத் தொடும் முன்பே மீட்டர் 15.5-ஐத் தாண்டிவிட்டது. கெய்னை முழுதாகக் குறைத்து, ஸ்டீரியோவை அதன் உச்ச அளவில் முக்கால் பங்குக்கு ஏற்றி, மீட்டர் கணக்கிட்ட வோல்ட்டைக் காட்டும்வரை சிறிய ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தேன். மயிரிழை நகர்ந்தாலே எண் தாவுகிறது. காதை மட்டும் நம்பி இதைச் செய்ய இயலாது என்பது என் உறுதியான கருத்து. பிறகு கதவுகளுக்கு ஹைபாஸ் (உயர் அதிர்வெண்களை மட்டும் விடும் வடிகட்டி), சப்ஊஃபருக்கு லோபாஸ் (தாழ்ந்தவற்றை மட்டும் விடுவது), இரண்டையும் 80 ஹெர்ட்ஸில் நிறுத்தினோம். பாட்டு ஓட்டிப் பார்த்தபோது சப்ஊஃபர் சற்றே மேலோங்கியதால் அதன் கெய்னை இன்னும் கொஞ்சம் குறைத்தோம். அளந்து வைத்த இடத்திலிருந்து இறக்கலாம், ஏற்றக் கூடாது.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் கூடவே உயர்ந்த ஒரு ‘உய்ய்ங்’ ஓசை, கெய்ன் குறைந்ததும் பெருமளவு அடங்கிவிட்டது. மிச்சமிருந்த ஓசைக்குக் காரணம் எர்த். பெயின்ட் பூசிய சீட் போல்ட்டில் எர்த் ஒயரை முறுக்கி வைத்திருந்தார்கள். உப்புத்தாள் கொண்டு பெயின்ட்டைச் சுரண்டி, தகடு பளிச்சென்று தெரிந்த இடத்தில் ரிங் டெர்மினல் வைத்து, ஒயரையும் அரை மீட்டருக்குள் குறுக்கி இறுக்கினோம். பவர் கேபிளோடு ஒட்டிப் போன ஆர்சிஏ கேபிளை மறுபக்கமாக மாற்றினோம். ஓசை முற்றிலும் நின்றது.

அந்த வேலையின்போது, மெயின் ஃபியூஸ் ஆம்ப்ளிஃபையர் பக்கம் இருப்பதையும் கண்டு, பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்தோம். ஃபியூஸ் கடைசியில் இருந்தால், வழியில் கேபிளின் தோல் உரிந்து பாடியில் பட்டுத் தீப்பிடித்தாலும் அது உருகாது. வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதை உடனே பார்த்துவிடுங்கள்.

பின்னாளில் ஸ்டீரியோவை மாற்றுபவர்கள், புதியதன் ப்ரீ-அவுட் (ஆம்ப்ளிஃபையருக்குச் சிக்னல் தரும் வெளியீடு) 2 வோல்ட்டா 4 வோல்ட்டா என்று பார்த்து, கெய்னை மறுபடியும் முதலிலிருந்து அளந்து வைக்க வேண்டும்.